மதினி விட்டுப்போன கிளி

"ஒத்தை இறகு. கேட்டுக்கிட்டியாட்டி? ஒத்தை இறகு உதுந்திருந்தாலும் பொறவு நான் பேசுற பேச்சே வேற."

பிச்சையம்மாள் இதைச் சொல்லிக்கொண்டே கூண்டைச் சண்முகத்தாயின் கையில் திணித்தாள். கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி இருந்தது. கூண்டுக்குக் கீழே மூன்று வெள்ளை நாய்கள் இருந்தன.

நாய்கள் சண்முகத்தாயினுடையவை அல்ல. ராஜபாளையத்துப் பெரிய வீட்டின் வேட்டை நாய்களை வளர்த்துப் பழக்குவதுதான் அவள் புருஷன் குருசாமிக்கு வேலை. அந்த வேலைக்காகத்தான் தோப்போரத்தில் இந்த ஓட்டுவீட்டைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே வீட்டில் முதல் மரியாதை நாய்களுக்கு. அடுத்தது குருசாமிக்கு. மிச்சம் ஏதாவது இருந்தால் சண்முகத்தாய்க்கு.

பீமுடு, காசி, வெள்ளச்சி மூன்றும் வரிசையாக உட்கார்ந்து, கற்பூர ஆரத்திக்குக் காத்திருக்கும் சனங்களைப் போலக் கூண்டையே அண்ணாந்து பார்த்தன. கோயிலில் நிற்பவர்களுக்கு வாயில் எச்சில் ஒழுகாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

"மதினி, நாய் கெடக்குற வீடு இது..."

"எனக்குத் தெரியாதா? என் தம்பி வீடுதானே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்லயே உங்க தெருவுல யாராவது..."

"எவளை நம்பி விடச் சொல்லுத? நான் யாருக்காகத் திருச்செந்தூர் போறேன்? எனக்காகவா? உன் வயித்துல ஒண்ணு தங்கணும்னு வேண்டிக்கிடப் போறேன். நீ என் கிளியைப் பாத்துக்கிட மாட்டியோ?"

சண்முகத்தாய்க்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காவிட்டால் ஊரில் இருக்கும் எல்லாருமே வைத்தியராகி விடுவார்கள். வேப்பங்கொழுந்து தின்னச் சொன்னார்கள், அரசமரத்தைச் சுற்றச் சொன்னார்கள், ஈரச்சேலையோடு படுக்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தாள். குருசாமியிடம் யாரும் ஒரு கஷாயம்கூடக் குடிக்கச் சொல்லவில்லை.

பிச்சையம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, காலை மடக்கி, சேலையைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள்.

"ஒரு கிளியைக் காக்கத் தெரியாதவ பிள்ளையை எப்படிக் காப்பா? சுந்தரபாண்டியத்துல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். நான் திரும்பி வரும்போது கிளிக்கு ஏதாவது ஆகியிருந்துச்சுன்னு வையி, அடுத்த முகூர்த்தத்துல அவ இங்க, நீ உங்க அப்பன் வீட்டுல."

வண்டி போய்விட்டது. பிச்சையம்மாள் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்முகத்தாய் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். மோருக்கு உப்புப் போதுமா என்று கேட்பது போலச் சொன்னாள்.

கான்சாபுரத்தில் அப்பன் வீடு என்று ஒன்று இருந்தது. அப்பன் இல்லை. அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அண்ணி, "எப்ப கெளம்புத?" என்று வாசலிலேயே வைத்துக் கேட்டாள்.

சண்முகத்தாய் கூண்டை வெடுக்கென்று உயர்த்திப் பிடித்தாள். கூண்டு குலுங்கியது. கிளி கத்தியது. பீமுடு எழுந்து நின்றது.

அவள் ஓடிப்போய்க் கூண்டை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினாள். பீமுடு ஒரு அடி பின்னால் போய், குனிந்து, எம்பியது. அதன் மூக்கு கூண்டின் அடிப்பலகையில் இடித்தது. கூண்டு ஊஞ்சல் மாதிரி ஆடியது. கிளி கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியது.

"ஐயோ! போ! சீ, போ!"

நாய்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அந்த வீட்டில் பிறந்த நாய்களுக்குத் தமிழ் தெரியாது. குருசாமி அவற்றோடு தெலுங்கில்தான் பேசுவான். பெண்டாட்டியோடு எந்த பாஷையிலும் அதிகம் பேச மாட்டான்.

இன்னும் உயரத்தில் மாட்ட வேண்டும். கைக்கு எட்டிய கயிற்றைச் சரசரவென்று உருவினாள். ஒரு நுனியைக் கூண்டில் முடிந்தாள். மறு நுனியைக் கூரையின் உச்சி மரத்துக்கு மேலாக வீசி இழுத்தாள். கூண்டு ஓட்டை முட்டும் அளவுக்கு மேலே போய் நின்றது. கயிற்றைத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அது என்ன கயிறு என்று பார்த்தாள். நாய்களைக் கட்டிப்போடுவதற்குக் குருசாமி எடுத்து வைத்திருந்த கயிறு.

பொழுது சாய்ந்து குருசாமி வந்தபோது அவள் உரல்மேல் நின்றிருந்தாள். கையில் உலக்கை. சுற்றிலும் நாய்கள்.

"என்னட்டி உரல்மேல நிக்கே?"

"உங்க அக்கா கிளியை விட்டுட்டுப் போயிருக்காக. ஒத்தை இறகு உதுந்தா உங்களுக்கு வேற பொண்ணு கட்டி வைப்பாகளாம்."

குருசாமி கிளியை அண்ணாந்து பார்த்தான். நாய்களைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

மறுநாள் உச்சிவெயிலில் ஓடு காய்ந்தது. கூரைக்கடியில் தொங்கிய கிளி அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கியது. கண் செருகியது. நாய் கடித்துச் செத்தாலும் வெயிலில் வெந்து செத்தாலும் சுந்தரபாண்டியத்துக்காரி வரத்தான் போகிறாள். சண்முகத்தாய் அழுதுகொண்டே கயிற்றை இறக்கினாள். பாதி இறக்கும்போது காசி எம்பியது. திரும்ப ஏற்றினாள். கிளி மயங்கியது. திரும்ப இறக்கினாள். வெள்ளச்சி எம்பியது. கிணற்று வாளி மாதிரி கிளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கோழி வளர்க்கும் மைமூன் இதையெல்லாம் செத்த நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"ஏட்டி சம்முவத்தாயி, என்னத்துக்கு இந்தப் பாடு? கிளிதான் ஏற்கெனவே கூண்டுல கெடக்கே. வெளிய திரியுறதைப் பிடிச்சுப் பூட்டு."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று சண்முகத்தாய்க்கு வெட்கமாகிவிட்டது. எலும்பு ஒன்றைக் காட்டி மூன்று நாய்களையும் வைக்கோல் கொட்டகைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

நாய்கள் ஊளையிட ஆரம்பித்தன. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுத்தது. வைத்த கூழை மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் பெரிய வீட்டுக் காரியஸ்தர் பொன்னுராஜ் குடையோடு வந்து முற்றத்தில் நின்றார்.

"ஏமிரா குருசாமி, எழவு வீடா இது? அங்க முதலாளிக்குத் தூக்கம் இல்ல."

கொட்டகையைத் திறந்து நாய்களைப் பார்த்தவர் முகம் கறுத்தது. விலா எலும்பு தெரிந்தது. செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோட்டங்களில் பன்றி இறங்கிக் கிழங்கையெல்லாம் கிளறிப் போட்டிருந்தது. முதலாளி வேட்டைக்கு ஆள் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நாய் எளைச்சா நீ எளைக்க வேண்டியதுதான். வேலையும் போகும், வீடும் போகும். அதுக பிறந்ததுலேருந்து வீட்டுக்குள்ள படுத்த நாய்க. வீட்டுக்குள்ளயே படுக்கட்டும். நான் அடிக்கடி வந்து பாப்பேன்."

"சரிங்க சாமி," என்றான் குருசாமி.

காரியஸ்தர் சொன்னால் சரி, அக்கா சொன்னால் சரி. யார் சொன்னாலும் அவனுக்குச் சரிதான். எல்லாச் சரிகளும் கூடிக் கடைசியில் யார் தலையில் வந்து இறங்குகின்றன என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

சண்முகத்தாய் வேலிக்கு ஓடினாள்.

"மைமூன் அக்கா, நாயைப் பூட்டக் கூடாதாம்!"

மைமூன் யோசித்தாள். "கிளியைத் தூக்கவும் முடியல, நாயைப் பூட்டவும் முடியல. அப்ப ஒண்ணுதான் பாக்கி. நீ கிளியோட சேர்ந்து பூட்டிக்கிடு."

அன்றிலிருந்து சண்முகத்தாய் அடுப்படிக்குள் குடியேறினாள். அடுப்படிக்கு மூங்கில் தட்டிக் கதவு ஒன்று இருந்தது. அதை உள்ளே இழுத்துக் கட்டி, குறுக்கே அம்மிக்குழவியையும் அண்டாவையும் வைத்தாள். கூண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு சமைத்தாள். குருசாமிக்குச் சாப்பாட்டைப் புகைபோக்கி ஓட்டை வழியாக நீட்டினாள். அவன் வாங்கித் தின்றுவிட்டு, "கொழம்புல உப்புக் கொறைச்சல்," என்று ஓட்டை வழியாகவே சொன்னான்.

தட்டிக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடுக்கு வழியாக மூன்று ரோசா நிற மூக்குகள் தெரியும். அவள் விறகை நகர்த்தினால் மூக்குகளும் நகரும். ராத்திரி கண்ணை மூடினால் நகம் பிறாண்டுகிற சத்தம். அவளுக்குக் கனவில் சுந்தரபாண்டியத்துப் பெண் வந்தாள். முகம் இல்லை. தலைநிறையப் பூ மட்டும் இருந்தது.

"ஏ கிளி, உன் உசுருக்கு நான் உசுரைக் குடுக்குதேன். நீ வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இரு. அது போதும்," என்று அதனிடம் கெஞ்சினாள்.

கிளி சும்மா இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே முற்றத்தில் குருசாமி நாய்களை வேட்டைக்குத் தயார்செய்துகொண்டிருந்தான். அதற்கென்று ஒரு முறை உண்டு. கோணிக்குள் வைக்கோலைத் திணித்து, பன்றி மாதிரி கட்டி, கயிற்றால் முற்றம் நெடுக இழுப்பான். முதலில் "கூசோ!" என்பான். மூன்றும் உட்காரும். கோணி அசையும்போது "பட்டுகோ!" என்பான். மூன்றும் பாய்ந்து பிடிக்கும். "ஒதுலு!" என்றால் விட்டுவிடும். காலையிலும் மாலையிலும் இதே கூப்பாடு.

ஒருநாள் மத்தியானம் சண்முகத்தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குருசாமியின் குரல் கேட்டது.

"பீமுடு, ரா!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுப்படியில் குருசாமி இல்லை. கிளி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"பீமுடு, ரா! காசி, ரா!"

வெளியே மண்ணில் கால்கள் ஓடிவந்தன. தட்டி குலுங்கியது.

"வாயை மூடு! உன்னையத் திங்க நீயே ஆள் கூப்பிடுதியே!"

அவள் பச்சை மிளகாயை அதன் வாயில் திணித்தாள். தின்று முடித்துவிட்டு அது இன்னும் தெளிவாகக் கூப்பிட்டது. அச்சு அசல் குருசாமி. அதே அதிகாரம், அதே கரகரப்பு. சேலையைப் போட்டுக் கூண்டை மூடினாள். இருட்டில் கிளிக்கு உற்சாகம் கூடியது. கொய்யா கொடுத்தாள். கொய்யா தின்றால்தான் தெலுங்கு வருகிறது என்று அது முடிவுசெய்துகொண்டது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர் பொன்னுராஜ் வந்தார்.

குருசாமி கிணற்றடியில் இருந்தான். காரியஸ்தர் முற்றத்தின் நடுவில் நின்று குடையை மடக்கினார். புது வேட்டி. கரை காற்றில் படபடவென்று அடித்தது. மூன்று நாய்களும் தட்டியை விட்டுத் திரும்பி, அந்தக் கரையைப் பார்த்தன.

"பட்டுகோ!" என்றது கிளி.

அடுத்து நடந்ததைச் சண்முகத்தாய் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தாள். பெரிய வீட்டின் பாதி நிலத்தை நிர்வாகம் செய்கிற மனுஷன் வைக்கோல் போரின் உச்சியில் குடையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குடையை விரித்து முன்னால் பிடித்திருந்தார். மழை இல்லை. வேட்டி முற்றத்தில் மூன்று பாகமாகக் கிடந்தது.

"குருசாமி! ஏலே, குருசாமி! என்மேலயே நாயை ஏவுதியா?"

குருசாமி இரண்டு கையிலும் குடத்தோடு ஓடிவந்தான். "சாமி, நான் வாயே தொறக்கலையே!"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? அடுப்படிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் கத்திட்டு இந்தப் பக்கமா சுத்தி வாரே! நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

கிளிதான் கத்தியது என்று சொன்னால் காரியஸ்தர் இறங்கி வந்து முதல் வேலையாக அதன் கழுத்தைத் திருகுவார். சொல்லாவிட்டால் வேலை போகும், வீடு போகும். கிளி செத்தால் புருஷன் போவான். அவள் அண்டாவை நகர்த்தி, தட்டியை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தான் சொன்னேன் சாமி."

"நீயா? அது ஆம்பளைக் குரலால்ல இருந்துச்சு?"

"அடுப்புப் புகையில தொண்டை கட்டிருச்சுங்க."

காரியஸ்தர் குடைக்கு மேலாக அவளைப் பார்த்தார். "பொம்பளை சொல்லி வேட்டை நாய் கேக்குமா? எங்க, இப்பச் சொல்லு. உக்காரச் சொல்லு பாப்போம்."

நாய்கள் மூன்றும் அவளைப் பார்த்தன. பீமுடுவின் பல்லில் வேட்டிக் கரை தொங்கியது. இவ்வளவு கிட்டத்தில் அவற்றின் முன்னால் உலக்கை இல்லாமல் அவள் நின்றதே இல்லை. காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுக் காதில் ஒட்டிக்கொண்டிருந்த சொல் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"கூசோ!"

பீமுடு உட்கார்ந்தது. காசி உட்கார்ந்தது. வெள்ளச்சி உட்கார்ந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குருசாமியும் உட்கார்ந்தான்.

வைக்கோல் போரிலிருந்து காரியஸ்தரின் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"இது வெளிய தெரியக் கூடாது. ஒரு வேட்டி கொண்டா."

வேலை தப்பியது. வீடு தப்பியது. ஆனால் நாய்கள் பாய்ந்து குலுக்கியதில் தட்டிக் கதவு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதைவிடப் பெரிய சனியன், அன்றிலிருந்து நாய்கள் அவளை விடவில்லை. அதிகாரக் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அவற்றுக்குச் சோறு. அவள் எழுந்தால் எழுந்தன. கிணற்றுக்குப் போனால் வந்தன. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று பக்கமும் மூன்று தலைகள் மடியில் சாய்ந்தன. அவற்றின் மூச்சுக் காற்றில் கிளியின் வயிற்று இறகு படபடத்தது.

"கூசோ," என்பாள். உட்காரும். அவள் கண் செருகும். நாயின் தலை கூண்டருகே வரும். "கூசோ," என்பாள் பதறி. தூக்கம் என்பதே போய்விட்டது.

"என்னட்டி இப்படி ஆயிட்டே? சந்தனம் தேய்க்கிற கல்லு மாதிரி முகம் தேஞ்சு போச்சே," என்றாள் மைமூன்.

"அவிய வர்ற வரைக்கும் இந்தக் கிளி இருந்தாப் போதும்க்கா. பொறவு நான் செத்தாலும் சரி."

"நீ செத்தாலும் சுந்தரபாண்டியத்துக்காரிதான் வருவா. அதை யோசிச்சியா?"

அதை அவள் யோசிக்கவில்லை. சாகிற யோசனையைக் கைவிட்டாள்.

ஒருநாள் காலை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதையில் பிச்சையம்மாளின் வண்டி வருவதைப் பார்த்ததாகத் தோப்புக்காரன் சொல்லிவிட்டுப் போனான். சண்முகத்தாய்க்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கூண்டைக் கழுவினாள். புதுத் தண்ணீர் வைத்தாள். கொய்யாவைத் துண்டு போட்டு வைத்தாள். முகம் கழுவக் கிணற்றடிக்கு ஓடினாள். அன்றைக்கென்று நாய்கள் அவள் பின்னால் வரவில்லை. அதை அவள் பாதி முகம் கழுவிய பிறகுதான் கவனித்தாள்.

திரும்பி ஓடிவந்தாள்.

கூண்டுக் கதவு திறந்திருந்தது. கூண்டு காலி.

தரையில் ஒரு பச்சை இறகு கிடந்தது. நீளமான வால் இறகு. அதன் பக்கத்தில் பீமுடு உட்கார்ந்திருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது.

சண்முகத்தாய் அழவில்லை. அழுகைக்கெல்லாம் அப்புறம் நேரம் இருந்தது. பன்றியின் தொடையெலும்பை நொறுக்குகிற அந்த வாயைப் போய்ப் பிடித்தாள். "ஒதுலு! விடுடா, ஒதுலு!" மேல் தாடையில் ஒரு கை, கீழ்த் தாடையில் ஒரு கை. பிரித்தாள். முழங்கை வரை உள்ளே விட்டுத் தேடினாள். நாக்கு இருந்தது. பல் இருந்தது. சூடான எச்சில் இருந்தது. கிளி இல்லை.

"விழுங்கிட்டியா? முழுசா விழுங்கிட்டியாடா, பாவி?"

பீமுடு வாயைத் திறந்துகொண்டு, கையை எடுக்கும்வரை பொறுமையாக நின்றது.

அப்போது பின்கட்டிலிருந்து குருசாமியின் குரல் கேட்டது.

"கூசோ!"

அவள் கைக்குள் இருந்த தாடை நழுவி இறங்கியது. பீமுடு உட்கார்ந்துவிட்டது. சண்முகத்தாய் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே நாய்களின் கூழ்ச்சட்டி விளிம்பில் கிளி நின்றுகொண்டு கம்பங்கூழ் தின்றது. இரண்டு பக்கமும் காசியும் வெள்ளச்சியும் தங்கள் சாப்பாடு குறைவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. வெள்ளச்சி லேசாக மூக்கை நீட்டியது. கிளி அலகைத் தூக்கியது.

"கூசோ!"

மூக்கு பின்வாங்கியது.

சண்முகத்தாய் முந்தானையைப் போட்டுக் கிளியை அமுக்கினாள். உயிரோடு இருந்தது. முழுசாக இருந்தது. வாலில் ஒரு இறகு மட்டும் இல்லை.

ஒத்தை இறகு.

"மைமூன் அக்கா!"

மைமூன் வேலியைத் தாண்டியே குதித்தாள். விஷயத்தைக் கேட்டாள், ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு வேலமரத்துக்கு ஓடினாள். பிசினோடு வந்தாள். மைமூன் கிளியை மடியில் மல்லாத்திப் பிடிக்க, சண்முகத்தாய் இறகின் அடியில் பிசினைத் தொட்டு, இருந்த இடத்தில் செருகி, மூச்சால் ஊதி ஊதிக் காயவைத்தாள். கிளி அவளைத் தெலுங்கில் திட்டியது. தெருவில் வண்டிமாட்டின் சலங்கைச் சத்தம் கேட்டது.

"நேரா நிக்குதாக்கா?"

"கொஞ்சம் கோணலாத்தான் நிக்கி. உன் மதினியும் பொறவியிலயே கோணலாத்தான் பாக்கா. சரியாப் போயிரும்," என்று சொல்லிவிட்டு மைமூன் வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்தாள்.

பிச்சையம்மாள் உள்ளே வந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"கிளி எங்க?"

சண்முகத்தாய் கூண்டை நீட்டினாள். பிச்சையம்மாள் கதவைத் திறந்து கிளியை வெளியே எடுத்தாள். அது அவள் விரலைக் கடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் தலையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், இரண்டு இறக்கையையும் விசிறி மாதிரி விரித்துப் பார்த்தாள். வாலைப் பிடித்தாள். பிச்சையம்மாள் வாலை நீவினாள். பிசின் தாங்கியது.

பீமுடு எட்டி வந்து மோந்தது.

"கூசோ," என்றாள் சண்முகத்தாய், மெதுவாக.

மூன்று நாய்களும் உட்கார்ந்தன. பிச்சையம்மாள் நாய்களைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து சண்முகத்தாய் அந்த முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. இப்போது காதுவரை சிரித்தது.

"ஏட்டி, என் தங்கமே! நாயைக்கூடப் பசு மாதிரி ஆக்கி வச்சிருக்கியே! உன்னைய மாதிரி ஒரு பொறுப்பானவளை நான் பாத்ததே இல்ல."

திருச்செந்தூர்ப் பன்னீர் இலை விபூதியை எடுத்து அவள் நெற்றியில் தானே பூசிவிட்டாள். கிளியைக் கூண்டில் அடைத்து வண்டிக்குக் கொடுத்தனுப்பச் சொன்னாள். "தம்பியோட செத்தப் பேச வேண்டியிருக்கு," என்று குருசாமியைத் தேடித் தோப்புக்குள் போனாள்.

சண்முகத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வயிறு நிறைய மூச்சு விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. வண்டிக்காரர் சந்தனம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கூண்டை வைக்கோல் மெத்தையில் ஆடாமல் வைத்துக் கட்டினாள். நாய்கள் மூன்றும் வாசலில் நின்று வாலை ஆட்டின. கிளி அவற்றைப் பார்த்து, "ரா! ரா!" என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"அண்ணாச்சி, பாத்து ஓட்டிட்டுப் போங்க. போற வழியெல்லாம் நாய் கெடக்கும். கிளி பயந்துரும்."

சந்தனம் மோரைக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்தார். சண்முகத்தாயை நிமிர்ந்து பார்த்து மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாய்க்குப் பயந்தது கிளி இல்ல தாயி, இதை வளத்த சுந்தரபாண்டியத்துப் பொண்ணுதான், 'மூணு நாய் கெடக்குற வீட்டுலேருந்து என் கிளி முழுசாத் திரும்பி வந்தாத்தான் கழுத்தை நீட்டுவேன்'னு அழுதுக்கிட்டுக் கெடந்துச்சு, மூத்த தாரமா இருந்தும் நீங்களே இம்புட்டு மனசு வச்சுக் காப்பாத்திக் குடுத்திருக்கீகளே, உங்களை மாதிரி யாரு இருப்பாக!"